மூன்று அங்குலம் எங்கே இருக்கிறது?

14

மாத்திரை அட்டையில் இரண்டு குழிகள் காலியாக இருந்தன.

மருந்துக்கடைக்காரரின் கண் வேறு எதில் ஏமாந்தாலும் அதில் ஏமாறாது. நேற்றுக் காலை அலமாரியைத் துடைத்தபோது பத்து மாத்திரைகளும் முழுதாக இருந்தன. இன்று எட்டுதான். தலைவலிக்குப் போட்டுக்கொள்கிற மாத்திரையும் அல்ல அது. முதுகு வலி தாங்கவே முடியாமல் போனால் மட்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது. நான்கு மாதமாக அந்த அட்டையை யாரும் தொட்டதில்லை.

அட்டையோடு படுக்கையறைக்கு வந்தார். மனைவி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி தூங்கினியாம்மா?"

"நல்லாத் தூங்கினேனே."

"ரெண்டு மாத்திரை அளவுக்கா?"

சீப்பு நின்றது. கண்ணாடிக்குள்ளிருந்தே அவள் கணவனைப் பார்த்தாள். "கடைக்கு வர்றவங்களையும் இப்படித்தான் மிரட்டுவீங்களா?"

"பேச்சை மாத்தாதே. கார்தானே?"

அவள் சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டத் தொடங்கினாள். பதில் அதுவே.

எட்டு மாதங்களுக்கு முன், சீருடை தைக்கும் தொழிற்கூடத்தின் மாடிப்படியில் தவறி விழுந்தவள் அவள். நாற்பது பெண்கள் தைப்பதற்குத் துணி வெட்டிக் கொடுக்கும் கட்டிங் மாஸ்டர். கால்கள் இன்னும் பேச்சுக் கேட்கவில்லை. திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரலாம் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். கட்டிங் மேசையையும் தாழ்த்திப் போட்டாயிற்று. முதுகு குலுங்காமல் போய்வந்தால் சரி என்று டாக்டரும் தலையாட்டிவிட்டார்.

அவளும் தனக்கென்று ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். காரில் யாரும் தன்னைத் தூக்கி வைக்கக் கூடாது. தானே ஏறித் தானே இறங்க முடிந்தால்தான் வேலை. இல்லையென்றால் வேலையே வேண்டாம். தான் தொழில் சொல்லிக் கொடுத்த பெண்கள் வரிசையாக நின்று பார்க்க, கைக்குழந்தை மாதிரி கணவனின் தோளில் வந்து இறங்க அவளுக்கு மனமில்லை.

நாற்காலிக்கும் கார் சீட்டுக்கும் நடுவே வழவழப்பான ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு, கைகளை ஊன்றி நகர்ந்துவிடுவாள். கைகளில் கடவுள் அவளுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் கார் சீட் நாற்காலியைவிட மூன்று அங்குலம் உயரம். பலகை மேட்டில் ஏறி நின்றது. எத்தனை முயன்றும் சறுக்கிச் சறுக்கி நாற்காலிக்கே திரும்பினாள்.

நேற்று அவள் தம்பி ஒருவரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போய், மூன்று அங்குலம் தாழ்த்திக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாலையில் அவள் யார் கையையும் பிடிக்காமல் சீட்டில் போய் உட்கார்ந்தாள். எட்டு மாதத்தில் முதல் முறை. தம்பி தெருவே பார்க்கக் குதித்தான். மூவரும் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்கள்.

அந்தச் சுற்றுக்குத்தான் இந்த இரண்டு மாத்திரை.

"அவன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். "பாவம், ஆசையாப் பண்ணியிருக்கான்."

"வலியை வெச்சுக்கிட்டு தினமும் நாப்பது நிமிஷம் எப்படிப் போவே?"

"போயிடுவேன். சத்தியமா சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

மனைவி முகத்தைப் பார்த்தார். "சொல்ல மாட்டேன்" என்றார். கொடுத்த வாக்கை மீறாத மனிதர். ஆனாலும் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, வெகுநேரம் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

*

தம்பி ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிட்டான். கார் அலங்காரக் கடையில் சீட் கவர் மாட்டுகிறவன். தரையோடு தரையாகப் போகிற கார்களைக் கண்டால் சாப்பாடு மறந்துபோகும்.

"அக்கா, கிளம்பு. இன்னைக்கு உன் தொழிற்கூடம் வரைக்கும் ஒரு ஒத்திகை. மாமா, நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி ராஜா மாதிரி வர்றேன்."

அவள் பலகையைப் போட்டுக்கொண்டு ஏறினாள். தம்பி கை தட்டினான். மருந்துக்கடைக்காரர் நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தார். பிறகு வீட்டுக்குள் போய் எதையோ எடுத்துவந்து மனைவியின் மடியில் வைத்தார்.

ஊசி குத்தி வைக்கும் பஞ்சுத் திண்டு. பக்கத்தில் ஒரு நூல்கண்டு.

அவள் நிமிர்ந்து அவரை முறைத்தாள். அவர் சாவியைத் திருகினார்.

பழைய நாட்களில் அது அவள் வழக்கம். வேலைக்குப் போகும் வழியில் இருபது ஊசிகளுக்கு நூல் கோத்துவிடுவாள். பொத்தான் தைக்கும் பெண்களில் இரண்டு பேருக்குக் கண் மங்கல். காலையில் அவர்கள் ஊசியோடு மல்லுக்கட்டக் கூடாது என்று இவளாகத் தொடங்கியது. யாரும் கேட்டதில்லை. பதினொரு வருடத்தில் ஒருநாளும் தவறியதுமில்லை.

"ஆமாக்கா! அந்த ஊசி வேலை!" என்றான் தம்பி உற்சாகமாக. "கோத்துட்டே வா. நான் எண்றேன்."

முதல் தெருவில் நூல் காதின் பக்கத்திலேயே போகவில்லை. இரண்டாவது தெருவில் ஒரு சிறிய வேகத்தடை வந்தது. கார் ஏறி இறங்கியபோது அடியில் மரக்கட்டையால் அடித்ததுபோல் ஒரு சத்தம். ஊசி விரலில் இறங்கியது.

"ஒண்ணுகூட ஆகலையேக்கா. பழக்கம் விட்டுப்போச்சா?"

"ம்."

ரயில் பாதையைக் கடக்கும் இடம் வந்தது. மருந்துக்கடைக்காரர் மாட்டு வண்டியைப்போல்தான் ஓட்டினார். ஆனாலும் அந்த மரக்கட்டை இரண்டு முறை அடித்தது. தம்பி முன்பக்கம் எட்டிப் பார்த்தான். அக்காவின் கண்கள் மூடியிருந்தன. உதட்டைக் கடித்திருந்தாள். விரல் நுனியில் ரத்தம் ஒரு பொட்டாக நின்றது. மறு கை சீட்டின் ஓரத்தை, அவன் தன் கையால் கவர் மாட்டிய சீட்டின் ஓரத்தை, கிழித்துவிடுவதுபோல் பிடித்திருந்தது.

"மாமா, நிறுத்துங்க."

கார் ஓரமாக நின்றது.

"அக்கா, வலிக்குதா?"

"இல்லடா."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

அவள் பார்க்கவில்லை. கணவன் பக்கம் திரும்பினாள். "சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினீங்க."

"நான் எங்கே சொன்னேன்? ஊசிதான் சொல்லிச்சு."

தம்பி முன்சீட்டின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டான். "ஏன்க்கா மறைச்சே? நான் ஒரு முட்டாள். ஸ்பிரிங்கை வெட்டித் தள்ளிட்டு வந்து நிறுத்தி, கை வேற தட்டினேன்."

"உனக்காக மட்டும் மறைக்கலடா." அவள் குரல் இறங்கியது. "எட்டு மாசம் கழிச்சு நானா ஏறினேன். சொன்னா திரும்ப உசத்திடுவீங்க. திரும்ப இவர் தூக்கணும். அதை விட்டுக்கொடுக்க மனசு வரல. வலியே பரவாயில்லன்னு தோணிச்சு."

வலியை மறைப்பது தியாகம் என்று நாம் நினைக்கிறோம். நம்மை நேசிக்கிறவர்கள் நமக்கு உதவ முடியாதபடி கதவைச் சாத்துவதும் அதுவேதான். கடவுள் அன்று காலை அந்தக் கதவைத் திறக்க ஓர் ஊசியை எடுத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"திங்கட்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர். "கார் தாழ்வாவும் இருக்கணும், குலுங்கவும் கூடாது. அப்படி ஒண்ணு உலகத்துல இருக்கா, இல்லையா? அதைக் கேட்டுடலாம். மாப்ளே, யாரைக் கேக்கணும்?"

தம்பி தலையைத் தூக்கினான். "அமுக்கு அண்ணனை."

*

அந்த மனிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர் தொழில் வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. எந்தக் கார் வந்தாலும் முதலில் பேச மாட்டார். நான்கு மூலைகளையும் உள்ளங்கையால் ஒருமுறை அமுக்கி விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அது எத்தனை முறை ஆடி அடங்குகிறது என்று எண்ணுவார். அதனால் அமுக்கு அண்ணன். நாற்பது வயது இருக்கும். பட்டறைச் சுவரில் ஸ்பிரிங்குகள் உயர வரிசையில் தொங்கின, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிற்கிற மாதிரி.

முன் மூலையை அமுக்கினார். கார் அசைய மறுத்தது. பலமாக அமுக்கினார். உள்ளே 'டொக்' என்றது.

"இது கார் இல்ல தம்பி. மரக் கட்டிலுக்குச் சக்கரம் மாட்டியிருக்கீங்க. ஸ்பிரிங்கை யார் வெட்டினது?"

"நம்ம ஃப்ரெண்டுதாண்ணே. ஒன்றரை சுத்து."

"ஃப்ரெண்டை மாத்து." அவர் குனிந்து டயருக்கு மேலே விரலை விட்டுப் பார்த்தார். "ஸ்பிரிங்கை வெட்டினா குட்டை ஆகும், கூடவே முரடாவும் ஆகும். மேலயும் கீழயும் போய்வர சக்கரத்துக்கு இடம் வேணும். பாதி இடத்தை வெட்டினதுல தின்னுட்டீங்க. மீதியை மூணு பேரா உக்காந்து தின்னுட்டீங்க. இனி பள்ளம் வந்தா நேரா ரப்பர் முட்டுல மோதும். அந்த அடி எங்கே போகும்?"

தம்பி அக்காவின் முதுகைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

அக்கா சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு சுவரோரம் போயிருந்தாள். "அண்ணே, இந்த நீலக்கலர் ஸ்பிரிங் மட்டும் ஏன் மேலே நெருக்கமா, கீழே அகலமா சுத்தியிருக்கு?"

அமுக்கு அண்ணன் திரும்பினார். முகம் மலர்ந்துவிட்டது. "பத்து வருஷத்துல இதை யாருமே கேட்டதில்லம்மா. எல்லாரும் எத்தனை இன்ச் இறங்கும்னுதான் கேப்பாங்க. சின்னக் குலுக்கலை அந்த நெருக்கமான சுத்து வாங்கிக்கும். பெரிய பள்ளம் வந்தா அகலமான சுத்து தாங்கும்."

"அப்போ மெத்துனு இருக்கறதும் அதுதான், தாங்கறதும் அதுதான்."

"அதேதான். இதுக்குன்னே குட்டையா ஒரு ஷாக் அப்சார்பர் இருக்கு. ரெண்டையும் ஜோடியாத்தான் போடணும். ஒண்ணை மட்டும் போட்டா தொட்டில் மாதிரி ஆடிட்டே இருக்கும்."

"எவ்வளவு இறங்கும்?"

"ஒன்றரை இன்ச். அதுக்கு மேல ஒரு நூல்கூட இறக்க மாட்டேன். இறக்கினா இந்தக் கட்டில் திரும்ப வந்துடும்."

மூன்றில் பாதி. மருந்துக்கடைக்காரர் மூச்சை விட்டார்.

தம்பி விடுவதாக இல்லை. "உயரத்தைத் திருகி ஏத்தி இறக்கற செட் இருக்கே அண்ணே?"

"பந்தயத்துக்குப் போறியா? இறக்க இறக்க அதுவும் இறுகும்."

"காத்துப்பை? நிறுத்தினா உக்காரும், கிளம்பினா எழுந்திருக்கும்..."

"அதுதான் இவங்களுக்கு ராஜ வைத்தியம். ஆனா வெளியிலேருந்து வரணும், ரெண்டு மாசம் ஆகும்."

திங்கட்கிழமை இரண்டு மாதம் காத்திருக்காது. தம்பியின் கண் ஒரு மூலையில் பளபளத்த பெரிய சக்கரங்களின் மேல் ஒரு நொடி தங்கியதை அமுக்கு அண்ணன் கவனித்துவிட்டார். "அதைப் பாக்கவே பாக்காதே. அதுல ரப்பர் வெத்தலை கனம்தான். உங்க டயர் தடியா இருக்கட்டும். அதுவும் ஒரு மெத்தை."

அக்கா ஒன்றும் பேசாமல் பையிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். எட்டு மாதத்துக்குப் பின் அன்றுதான் அது அவள் கழுத்தில் ஏறியது.

"டேய், மூணு அங்குலம்னு அளந்தியே, அப்போ காருக்குள்ள யார் இருந்தாங்க?"

"யாருமில்ல. சும்மா நின்னுட்டிருந்துச்சு."

"நான் எப்பவாவது சட்டையை ஹேங்கர்ல தொங்கவிட்டு அளவு எடுத்துப் பாத்திருக்கியா?"

தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அதே ரகக் கார் ஒன்று, ஸ்பிரிங் வெட்டப்படாதது, பட்டறையில் நின்றிருந்தது. கணவனை ஓட்டும் இடத்தில் உட்காரச் சொன்னாள். தம்பியைப் பின்னால் ஏற்றினாள். தரையிலிருந்து சீட்டுக்கு டேப்பைப் பிடித்தாள். அமுக்கு அண்ணனும் குனிந்து பார்த்தார்.

"நாற்காலியைவிட ரெண்டரை இன்ச்தான் உசரம்" என்றார் அவர் வியப்போடு. "நீங்க ஏறும்போது இவங்க ரெண்டு பேரும் முன்கூட்டியே ஏறி உக்காந்திருந்தாப் போதும். அரை இன்ச் சும்மாவே கிடைக்குது."

"ஒரு சட்டை மூணு அங்குலம் தொளதொளன்னு இருந்தா, ஒரே தையல்ல பிடிக்க மாட்டோம் அண்ணே. அங்கேயே இழுத்துக்கிட்டு நிக்கும், போட்டவனுக்கும் இறுக்கும். இவன் அதைத்தான் பண்ணிட்டான். எல்லாத் தையல்லயும் கொஞ்சம் கொஞ்சமாப் பிடிக்கணும்." அவள் விரல் மடக்கினாள். "ஆள் உக்காந்தா அரை. உங்க ஸ்பிரிங் ஒன்றரை. இன்னும் ஒரு அங்குலம். எங்கே ஒளிஞ்சிருக்குன்னு எல்லாரும் தேடுங்க."

தேடினார்கள். காருக்குள்ளும் வெளியிலுமாக மூன்று ஆண்கள், தொலைந்த கம்மலைத் தேடுவதுபோல.

"அக்கா!" பின்சீட்டிலிருந்து தலையை நீட்டினான் தம்பி. "முன்சீட்டுக்கு அடியில நாலு கால்லயும் கம்பெனிக்காரன் அரை இன்ச் இரும்புக் கட்டை வெச்சிருக்கான். கவர் மாட்டறப்பல்லாம் கை இடிக்கும். அதை எடுத்தா?"

அமுக்கு அண்ணன் படுத்துப் பார்த்தார். "எடுக்கலாம். நீ கழட்டு. குட்டை போல்ட்டு போட்டு நானே முறுக்கித் தர்றேன். அது உயிர் விஷயம்."

"இன்னும் அரை" என்றாள் அக்கா.

"நாற்காலி பக்கத்துலேருந்து எடுக்கலாமே" என்றார் மருந்துக்கடைக்காரர் மெதுவாக. "சீட்டு இறங்கித்தான் வரணுமா? நீ கொஞ்சம் ஏறக் கூடாதா? கடையில ஜெல் மெத்தை இருக்கு. சரியா அரை அங்குலம்."

சொல்லிவிட்டு அவர் காரிலிருந்து இறங்க முயன்றார். கதவைப் பிடித்தார். பாதி எழுந்தவர் "அம்மாடி" என்று அப்படியே நின்றுவிட்டார். சட்டை மேலேறியது. இடுப்பைச் சுற்றி அகலமாக ஒரு பட்டை.

அக்கா அதையே பார்த்தாள். "முதுகு பெல்ட்டு நல்லா விக்குதுன்னு சொன்னீங்களே. வாங்கினது நீங்கதானா?"

"கொஞ்சம் பிடிப்பு..."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம்."

"என்னைத் தூக்கித் தூக்கி." அவள் டேப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். "என் மாத்திரையை எண்ணத் தெரியுது. உங்க வலியைச் சொல்லத் தெரியல."

"சரியான ஜோடி" என்றார் அமுக்கு அண்ணன். "தம்பி, போய் ஸ்பேனரை எடு. இவங்க சண்டை முடியறதுக்குள்ள வேலையை முடிச்சுடலாம்."

*

மாலை ஐந்து மணிக்குக் கார் ஜாக்கியிலிருந்து இறங்கியது. அமுக்கு அண்ணன் நான்கு மூலையும் அமுக்கிக் கண்ணை மூடினார். முகத்தில் சிரிப்பு வந்தது. "ஒண்ணு. ஒன்றரை. அடங்கிடுச்சு."

மருந்துக்கடைக்காரர் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தார். தம்பி பின்னால் ஏறினான். மெத்தை நாற்காலியில் ஏறியிருந்தது. அக்கா பலகையைப் போட்டாள். பலகை மேட்டில் ஏறவில்லை, பள்ளத்தில் இறங்கவுமில்லை. மேசைபோல் படுத்திருந்தது.

அவள் கைகளை ஊன்றினாள். உதடுகள் மட்டும் ஏதோ முணுமுணுத்தன. பிரார்த்தனையாகத்தான் இருக்க வேண்டும். ஒரு நகர்வு. இன்னொன்று. சீட்டில் இருந்தாள்.

இந்த முறை தம்பி கை தட்டவில்லை. "முதல்ல ரயில் பாதை வரட்டும்" என்றான்.

திண்டு மடிக்கு வந்தது. வேகத்தடைக்கு முன்பே மூன்று ஊசிகள் ஆகிவிட்டன. வேகத்தடையில் கார் மூச்சு இழுத்து விடுவதுபோல் ஏறி இறங்கியது. நான்காவது ஊசி ஒரே குத்தில். ஐந்து. ஆறு. தம்பி மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தான்.

ரயில் பாதை. ஒருவரும் மூச்சு விடவில்லை. சக்கரங்கள் தண்டவாளத்தைத் தொட்டன, கடந்தன. மரக்கட்டைச் சத்தம் வரவில்லை. அக்கா ஊசியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். நூல் அதன் காதிலிருந்து நீளமாகத் தொங்கியது.

"ஏழு!" என்று தம்பி கத்தியதில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"வலி?" என்றார் கணவர்.

"இருக்கு. நேத்து மாதிரி இல்ல. தூங்கினா போற வலி. இனிமே நிஜத்தைத்தான் சொல்வேன், போதுமா?"

ஒருவர் தந்தது அரை அங்குலம், இன்னொருவர் தந்தது அரை அங்குலம். தனியாக எதுவும் யாரையும் வேலைக்கு அனுப்பியிருக்காது. அன்பு பெரும்பாலும் இந்த அளவில்தான் கிடைக்கிறது. அதைச் சேர்த்துத் தைக்க ஒருவர் இருந்துவிட்டால் போதும்.

வீட்டு வாசலில் கார் நின்றது. தம்பி நாற்காலியை விரித்துக் கொண்டுவந்தான். அக்கா பலகை போட்டுத் தானே இறங்கினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். திங்கட்கிழமைக்கு என்ன உடுத்துவது என்று யோசிக்கிறாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

அவள் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"இந்தப் பக்கக் கதவோட அளவு தெரிஞ்சு போச்சு. அந்தப் பக்கக் கதவையும் அளந்து சொல்லு."

"அந்தப் பக்கமா? அங்கே எதுக்குக்கா?"

"பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கையாலேயே இயக்கற மாதிரி மாட்ட முடியுமான்னு அமுக்கு அண்ணன்கிட்ட கேட்டேன். நீங்க சீட்டைக் கழட்டிட்டிருந்தப்போ."

"அவர் என்ன சொன்னார்?"

"முதல்ல உங்க வீட்டுக்காரரைக் கேளுங்கன்னார்."

தம்பி டேப்பும் கையுமாக மெதுவாகக் காரைச் சுற்றி நடந்தான். அந்தப் பக்கக் கதவுக்குப் பின்னால், ஸ்டீரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி, மருந்துக்கடைக்காரர் இன்னும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.